குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு: இரண்டு வருடத்தில் முடிந்ததும் முடியாததும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். 2022 தீபாவளி முடிந்த வாரம் மச்சான் வீட்டு விருந்தில் நாலு பீர் குடித்துவிட்டு, பத்து நிமிஷ ரோடுதானே என்று காடியை எடுத்தேன். தோட்டத்து முனையில் ரோட் பிளாக். போலீஸ்காரர் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் புதுக் குழாயை மூச்சுச் சோதனை மெஷினில் மாட்டி நீட்டினார். பாதியில் மூச்சை நிறுத்திப் பார்த்தேன், "லாகி, லாகி" (இன்னும், இன்னும்) என்று விடாமல் ஊத வைத்தார். அப்புறம் பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், இன்னொரு மெஷின். அதில் 48 காட்டியது. வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சுக்கு 22 மைக்ரோகிராம்தான். என் தலையில் இருந்தது பழைய 35, அதை 2020 அக்டோபரிலேயே குறைத்துவிட்டார்கள். 35 ஆகவே இருந்திருந்தாலும் நான் தப்பியிருக்க மாட்டேன், அது வேறு.

"டிராபிக் சம்மன் மாதிரிதான், தள்ளுபடி போடும்போது கட்டிக்கலாம்" என்றான் மச்சான். தப்பு. இது சாலைப் போக்குவரத்துச் சட்டம் 45ஏ பிரிவு, கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். முதல் தடவைக்கே அபராதம் 10,000 முதல் 30,000 வெள்ளி (ரிங்கிட்), சிறை இரண்டு வருடம் வரை. 2023 பிப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். 10,000 வெள்ளி, ஒரு நாள் சிறை. அந்த ஒரு நாள் என்பது கோர்ட் லாக்கப்பில் பெல்ட்டும் செருப்பும் இல்லாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது. வெளியே என் மனைவி, தீபாவளிக்கு முன்னால் எடுத்த கூட்டு (சீட்டு) பணத்தைக் கவுண்டரில் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்கு அபராதமே தேவலை.

லைசன்ஸுக்குத் தடை குறைந்தது இரண்டு வருடம், எனக்கும் அதுதான் கிடைத்தது. இங்கேதான் என் கணக்கு பிசகியது. பிடிபட்ட நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன், தீர்ப்பு நாளிலிருந்துதான் எண்ண வேண்டுமாம், வழக்குக்காகக் காத்திருந்த மூன்று மாதமும் வீண். 2025 பிப்ரவரியில் தடை முடிந்தது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் கவுண்டர் அலைச்சலைச் சொல்லப் போவதில்லை, வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். சிங்கப்பூரில் லோரி வேலை என்று ஒரு ஏஜெண்ட் வந்தார், சிஜில் கெலாகுவான் பாய்க் வேண்டும் என்றார். அது வெளியுறவு அமைச்சு தரும் நன்னடத்தைச் சான்றிதழ், ஆன்லைனில் 20 வெள்ளி, ஆனால் போலீஸ் பதிவைப் பார்த்த பிறகுதான் தருவார்கள். வழக்கைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். "அண்ணே, அப்படின்னா வேற ஆளைப் பார்க்கிறேன்" என்று போனை வைத்தவர்தான், அதோடு சரி.

பழைய வக்கீலிடம் கேட்டேன், எத்தனை வருடத்தில் அழியும்? அழியாது தம்பி என்றார். இத்தனை வருடம் ஒழுங்காக இருந்தால் பதிவு தானாகப் போய்விடும் என்கிற சட்டம் நம் நாட்டில் இல்லை. தடைக்குத்தான் முடிவு தேதி, தண்டனைப் பதிவுக்கு இல்லை. இன்னொன்றும் சொன்னார்: இரண்டாவது தடவை மாட்டினால் 20,000 முதல் 50,000 வெள்ளி, ஐந்து வருடம் வரை சிறை, லைசன்ஸ் குறைந்தது ஐந்து வருடம் போகும். பத்து வருடம் கழித்து மாட்டினாலும் அது இரண்டாவதுதான்.

போன மாதம் மில் எடைமேடை வேலைக்கு விண்ணப்பித்தேன். குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு 'யா' (ஆம்) கட்டத்தில் கோடு போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் தேதியையும் எழுதினேன். ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) அதைப் படித்தார், கண்ணாடியைத் தூக்கி என்னை ஒரு முறை பார்த்தார், திங்கட்கிழமை ஏழு மணிக்கு வரச் சொன்னார்.