லென்ஸைக் காக்க வைப்பது யார்?

கேமரா தானாக ஃபோகஸ் செய்யத் தாமதமானால் எல்லாரும் மோட்டாரைத்தான் குறை சொல்வார்கள். ஃபோகஸ் சர்க்யூட் வடிவமைப்பது என் வேலை. நான் பார்த்தவரை, மோட்டார் ஓடுகிற நேரத்தைவிட அது சும்மா நிற்கிற நேரம்தான் அதிகம்.

கான்ட்ராஸ்ட் முறையில் லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தி, கூர்மையை அளந்து, மறுபடி நகர்த்த வேண்டும். கூர்மை குறையத் தொடங்கினால் திரும்பி வர வேண்டும். விநாடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு படிக்கு 33 மில்லிவிநாடி. ஆனால் பிரேம் முழுக்க மெமரியில் இறங்கி, பிராசஸர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் இன்னும் இரண்டு பிரேம் போய்விட்டால், பத்துப் படிக்கு ஒரு விநாடி ஆகிவிடும்.

அதனால் கணக்கை சென்சார் வாசலிலேயே, எஃப்பிஜிஏவில் (உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) வைத்துவிடுவேன். பிக்சல்கள் வரி வரியாக வந்துகொண்டே இருக்கும். இரண்டு வரிகளைப் பிடித்துவைக்க லைன் பஃபர் இருந்தால் 3×3 கட்டம் கிடைத்துவிடும். நடுப் பிக்சலை 8-ஆல் பெருக்கி, சுற்றியுள்ள எட்டையும் கழித்தால் விளிம்பு தெரியும். 8-ஆல் பெருக்க மல்டிப்ளையரே வேண்டாம், பிட்டுகளை மூன்று இடம் இடப்பக்கம் தள்ளினால் சரி. வயர் மட்டும்தான் செலவு! இந்த சர்க்யூட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கழித்தல் குறியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே வந்தால், ஃபோகஸ் பகுதியின் கடைசிப் பிக்சல் வந்த சில கிளாக் துடிப்பிலேயே கூர்மையின் மதிப்பு தயார். உடனே லென்ஸுக்கு உத்தரவு போய்விடும்.

அந்தப் பகுதியை மட்டும் படிக்கும்படி சென்சாரை அமைத்தால் பிரேம் வேகத்தை 120-க்கும் ஏற்றலாம். அப்புறம்தான் மோட்டார் உண்மையிலேயே குறுக்கே நிற்கும். போன் கேமராவின் வாய்ஸ் காயில் மோட்டாரில் (காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்து லென்ஸைத் தள்ளுவது) லென்ஸை ஸ்பிரிங் தாங்குகிறது. ஒரே தள்ளாகத் தள்ளினால் ஆடும். ஆடும்போது அளந்த கூர்மையை நம்ப முடியாது. லென்ஸ் 80 ஹெர்ட்ஸில் ஆடுகிறது என்றால், முதலில் பாதித் தூரத்துக்கு உத்தரவு, சுமார் 6 மில்லிவிநாடி கழித்து மீதிப் பாதிக்கு. இரண்டாவது தள்ளலின் ஆட்டம் முதலாவதை ஏறக்குறைய அழித்துவிடும். ஒரு சின்ன டைமர் செய்கிற வேலை இது.

2013-இல் கேனான் இஓஎஸ் 70டி-யில் வந்த டூயல் பிக்சல் முறையில் இந்தத் தேடலே பெரும்பாலும் தேவைப்படாது. ஒவ்வொரு பிக்சலும் இரண்டு பாதி. இரு பாதிகளும் தரும் படங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்தால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். மங்கலான வெளிச்சத்தில் எக்ஸ்போஷரே நீண்டுவிடுவதால், ஒவ்வொரு படிக்கும் காத்திருக்கிற கான்ட்ராஸ்ட் முறையை என் சர்க்யூட்டாலும் காப்பாற்ற முடியாது. அந்த மாதிரி இடத்துக்கு டூயல் பிக்சல் போல விலகலை அளக்கிற பேஸ் சென்சார்தான் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.