உப்பு பார்க்கப் போய் சுண்ணாம்பு பார்த்தேன்

மே மாதத்தில் தூத்துக்குடிக்கு யாரும் ஊர் சுற்றப் போவதில்லை. ஆனால் உப்பளம் பார்க்க அதுதான் சரியான நேரம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தி எல்லாம் வெறும் குளமாகிவிடும்.

காலை ஆறரைக்கே அளத்தில் பாதி வேலை முடிந்திருந்தது. வெயில் ஏறுவதற்குள் வாரிவிட வேண்டும் என்று இருட்டிலேயே தொடங்கிவிடுகிறார்கள். வரப்பில் நின்றிருந்த ஓர் அண்ணாச்சியிடம் தண்ணீரின் பக்குவம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு, அளவு கோடு போட்ட கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிட்டார். தண்ணீரில் உப்பு ஏற ஏற குழாய் மேலே எழும்பும். அந்த அளவைத்தான் டிகிரி என்கிறார்கள், சூட்டை அல்ல.

"கடத்தண்ணி 3 டிகிரி இருக்கும் தம்பி. 25 வந்தாத்தான் உப்பு இறங்கும். 29 தாண்டுச்சுன்னா தொறந்து விட்ருவோம். அதுக்கு மேல வெச்சா உப்பு கசந்து போகும்."

ஒரே மூச்சில் அவர் சொல்லி முடித்தது ஒரு முழு வேதியியல் பாடம். கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் குளோரைடும் சோடியமுமே 30 கிராம். மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் வெறும் 0.4 கிராம். தண்ணீர் வற்ற வற்ற இவை எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை, வரிசையாக இறங்குகின்றன. பாதித் தண்ணீர் போனதும் முதலில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. ஐந்தில் ஒரு பங்காக வற்றியதும் ஜிப்சம், அதுவும் கால்சியம்தான். பத்தில் ஒரு பங்கு ஆன பிறகே நாம் சோற்றில் போடும் உப்பு. கடைசிவரை தண்ணீரிலேயே தங்குவது மெக்னீசியம். அண்ணாச்சி சொன்ன கசப்பு அதனுடையது.

அளவில் இவ்வளவு குறைந்த கால்சியம், எல்லாவற்றுக்கும் முன்னால் கடலைவிட்டு வெளியேறுகிறது. அன்று முழுக்க என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான்.

ஏனென்றால் ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோகும் கரைசலில் பொதுவாக முதலிடம் கால்சியத்துக்கும் பைகார்பனேட்டுக்கும்தான். மலைப்பாறையை மழை அரித்துக் கரைத்த சரக்கு அது. அப்படி இருந்தும் கடலில் கால்சியம் இவ்வளவு குறைவாக இருக்கிறதே, போனதெல்லாம் எங்கே? பதிலை இந்தக் கரை எத்தனையோ நூற்றாண்டுகளாகத் தலையில் சுமந்து விற்றிருக்கிறது: முத்து, சங்கு, சிப்பி. கூடவே மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப்பாறை. எல்லாமே கால்சியம் கார்பனேட். உயிர்கள் அதை எடுத்து ஓடாகக் கட்டிக்கொள்கின்றன. சோடியத்தை அப்படிக் கட்டி வைக்க யாரும் இல்லை. அதனால் அது கோடிக்கணக்கான ஆண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கிறது. கடல் உப்புக்கரிப்பதில் பாதிக் காரணம் இது.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் அளந்து பார்த்தார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், முக்கியமான உப்புகள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் எல்லாக் கடலிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அந்தக் கணக்கு காட்டியது. அதனால் அளத்து அண்ணாச்சி சொன்ன வரிசை தூத்துக்குடிக்கு மட்டும் உரியதல்ல.

பத்து மணிக்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வெள்ளைத் தரையிலிருந்து வரும் கூச்சம் கண்ணைக் குத்துகிறது. அதில் ஆண்டுக் கணக்கில் வேலை செய்பவர்களின் கண்களை நினைத்தபடியே திருச்செந்தூர் பேருந்தில் ஏறினேன்.

திருச்செந்தூரில் நாழிக்கிணறு. அலை கூப்பிடு தூரத்தில் இருக்க, உள்ளே ஊறும் நீர் கரிப்பதில்லை. மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. மணலுக்குள் இறங்கியதும் உப்புநீரில் கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் அதே கணக்கு திரும்பி நம்மைத் தாக்கும். 1 மீட்டர் இறங்கினால் கீழிருந்து 40 மீட்டர் உப்பு ஏறும். கடலோர ஊர்களில் கிணறுகள் கரித்துப்போவதற்கு இதுவே பெரிய காரணம்.

வழியில் செம்மண் தேரி. இரும்புத் துரு பூசிய மணல். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

மணப்பாடு போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மேட்டின் அடிவாரத்தில், கடலைப் பார்த்திருக்கும் பாறையில் கை வைத்தேன். சொரசொரவென்று, அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கிலும் சிப்பித் துணுக்குகள். காற்றும் அலையும் ஒரு காலத்தில் குவித்த மணல் இது. மழைநீர் சிப்பித் தூளில் கொஞ்சத்தைக் கரைத்துக் கீழே கொண்டுபோய், மணல் மணிகளுக்கு நடுவே மறுபடி படியவிட்டிருக்கிறது. நாம் சுண்ணாம்பு வைத்துச் சுவர் கட்டுவது மாதிரியேதான். காலையில் பாத்தியில் முதலில் இறங்கிய அதே சரக்கு இங்கே பாறையாக நின்றது.

உதிர்ந்து கிடந்த ஒரு துண்டைச் சாவியால் சுரண்டித் தூளாக்கி, பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை வெட்டி அதன்மேல் பிழிந்தேன். பொடிப்பொடியாக நுரை எழுந்தது. பக்கத்தில் மீன்வலை உலர்த்திக்கொண்டிருந்தவரின் சிறு மகள் குனிந்து பார்த்தாள். "அண்ணே, இது ஏன் பொங்குது?" என்றாள். பாறைக்குள்ளிருந்து காற்று வெளியே வருகிறது, சோடா பாட்டிலில் இருக்கும் அதே காற்று என்றேன். ஓடிப்போய்க் கரையிலிருந்து ஒரு சிப்பியைப் பொறுக்கி வந்து நீட்டினாள். அதுவும் பொங்கியது. அப்புறம் இருட்டும்வரை, கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தபடியே இருந்தாள்.