கிழிக்காத தாள்கள்

2025 செப்டம்பர் 23, செவ்வாய்

அம்மாவின் டயாலிசிஸுக்கு ஐந்தரைக்கே வந்துவிட்டோம். ப்ளக் பாயிண்ட் பக்கத்து நாற்காலியில் வழக்கம்போல மஞ்சள் துண்டுப் பெரியவர். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். என் லேப்டாப் பேட்டரி இரண்டே கால் மணி நேரம் தாங்கும். இங்கே இருக்க வேண்டியது நான்கு.

நான் எழுதி விற்கும் காலண்டர் ஆப்பின் மாதக் காட்சியில் இடம் குறைந்தால் கிழமைப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் காட்டு என்று 2022இல் எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒழுங்காக வரும். தமிழில் யூனிகோட் கணக்கில் முதல் குறியை மட்டும் வெட்டினால் கொம்பு, கால், சுழி எல்லாம் உதிர்ந்துபோகும். ஜன்னலைச் சுருக்கிப் பார்த்தேன்: ஞ த ச ப வ வ ச. வியாழனும் வெள்ளியும் ஒரே வ. செவ்வாயும் சனியும் ஒரே ச. மூன்று வருடமாக ஒருவரும் சொல்லவில்லை. யாரும் ஜன்னலைச் சுருக்கவில்லையா, தமிழில் வைத்துப் பயன்படுத்துபவரே இல்லையா? எங்கள் வாரம் இப்போது ச, வ, ச. அதனால்தான் கண்ணில் பட்டது போல.

எழுத்து எல்லை பார்த்து வெட்டும் வசதி, ஆப் எழுத நான் பயன்படுத்தும் க்யூட் நூலகத்திலேயே இருக்கிறது. பத்து வரி. பேட்டரி தீர்வதற்குள் முடித்துவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

அம்மாவுக்கு நீர் எடை 2.8 கிலோ ஏறியிருக்கிறது. சிஸ்டர் என்னைத்தான் திட்டினார். ஒரு வரிகூட எழுதவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஒரு வீட்டுக்காரரின் மெயில். ஐந்து போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறார். 'மாதம்தோறும் 31' என்று நினைவூட்டல் போட்டு வைத்தாராம். ஜூனில் வரவில்லை, இன்றும் வரவில்லை. "காசு கொடுத்து வாங்கிய ஆப்" என்று ஆரம்பிக்கிறார். 499 ரூபாய். ஆயுளுக்கும்.

நான் தப்பு செய்யவில்லை என்பதுதான் தொல்லை. காலண்டர்கள் தங்களுக்குள் நிகழ்வுகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது விதி 2009இலிருந்து இருக்கிறது, ஆர்எஃப்சி 5545. இல்லாத தேதி வந்தால் அதைத் தாண்டிப் போ என்கிறது அது. பன்னிரண்டு மாதத்தில் ஏழுக்குத்தான் 31 உண்டு. விதிப்படி அவருக்கு வருடத்தில் ஏழு வாடகை. அவர் மனதில் இருந்தது 31 அல்ல, மாதக் கடைசி. அதற்கு அதே விதியில் வேறு எண் இருக்கிறது, -1. எந்த வீட்டுக்காரர் மைனஸ் ஒன்று என்று டைப் செய்வார்?

31 என்று போட்டதுமே 'மாதத்தின் கடைசி நாளா?' என்று கேட்கவேண்டும். 29, 30க்கும் கேட்கவேண்டும், பிப்ரவரி இருக்கிறதே. அடுத்த பதிப்பு 2.4இல் சேர்க்கிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லேப்டாப்புக்கும் சந்தனம், குங்குமம். சரியாக வெப்கேம் மேலேயே வைத்துவிட்டாள் அம்மா. துடைக்கவில்லை.

அக்டோபர் 4, சனி

இரவு 11.40. ஆக்சிஜன் 84.

அக்டோபர் 11, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று.

உள்ளே நுழைந்ததும் நேரே சுவருக்குப் போனாள். தினசரி காலண்டரில் இன்னும் 4ஆம் தேதி. அக்கா துணி எடுக்க வந்து போனவள்தான், இதைத் தொடவில்லை. நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்கார்ந்துகொண்டே ஏழு தாளையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. அப்புறம் மடியில் வைத்து ஒவ்வொன்றாக ராசிபலன் பார்த்தாள். "எட்டாந்தேதி எனக்கு சுகம்னு போட்ருக்கான் பாரு தம்பி." எட்டாம் தேதி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தவன் நான். இரண்டு பேரும் சிரித்தோம்.

சிவகாசிக்காரர்கள் ஆடிப்பெருக்கு அன்றைக்கே அடுத்த வருடத்து ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள். யாருக்கு எந்த நாள் எப்படிப் போகும் என்று தெரியாமலே, 365 தாளும் ஒரே தடிமன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒரு வாரம் கழித்து என் ஆப்பை நானே திறந்தேன். மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் 61.

அந்தச் சிவப்பை நான்தான் தேர்ந்தெடுத்தேன். நான்கு சிவப்பை வரிசையாக வைத்துப் பார்த்து, 'கவனத்தை இழுக்கிறது' என்று ஒன்றை வைத்தேன். அறுபத்தொன்றில் இருபத்தொன்று மாத்திரை, நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள். அந்த ஏழு நாளும் மாத்திரை கொடுத்தவர்கள் அங்கே இருந்த சிஸ்டர்கள். செடிக்குத் தண்ணீர் ஏழு. அது செத்துவிட்டது. தண்ணீர் அளவு எழுது, ஏழு. ஆப் என்னிடம் சொல்வது: நீ இருபத்தொரு மாத்திரை பாக்கி.

மூடிவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

நேற்றிரவு தூக்கமில்லை, சிவப்புதான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

போன வருடம் ஒரு அம்மையார் எழுதியிருந்தார். பிரசவம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத் திறந்ததாகவும் 213 என்று பார்த்ததும் நீக்கிவிட்டதாகவும். 'ஒரேயடியாக எல்லாம் முடிந்தது எனக் குறிக்கலாம்' என்று குறுக்கு விசைகளைப் பட்டியலிட்டுப் பதில் அனுப்பியிருக்கிறேன். இன்று அந்தப் பதிலைத் தேடி எடுத்துப் படித்தேன். கூசியது.

சரி, யோசிப்போம். திரும்பத் திரும்ப வரும் வேலையை ஒருவர் தவறவிட்டால் அடுத்தது எப்போது? இதுவரை என்னிடம் இருந்த ஒரே பதில்: பழையது பாக்கியாக நிற்கும், புதியதும் வரும். மாத்திரைக்கு இது அபத்தம். விட்டுப்போன வேளைக்கும் சேர்த்து இரண்டாகப் போட்டுவிடாதீர்கள் என்று டிஸ்சார்ஜ் தாளைக் கொடுக்கும்போது சிஸ்டர் இரண்டு தடவை சொன்னார். போன வேளை போனதுதான். ஆனால் கரண்ட் பில் அப்படி இல்லை, கட்டுகிறவரை நிற்கும். வாட்டர் ஃபில்டர் கேண்டில் இன்னொரு சாதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால் மாற்றிய நாளிலிருந்து ஆறு மாதம். ஜனவரியில் மாற்ற வேண்டியதை மார்ச்சில் மாற்றியவனுக்கு ஜூலையில் மணி அடித்தால் எரிச்சல்தான் வரும்.

ஆக மூன்று விதம். மூன்றையும் வேலை சேர்க்கும்போதே கேட்டால் யாரும் வேலையே சேர்க்கமாட்டார்கள். 'பால் வாங்கு' என்று அடிப்பவனிடம் தத்துவம் கேட்க முடியாது. கேட்காமல் ஊகிக்கவேண்டும். தினமும் வருவதானால் தாளோடு போகட்டும். மாதம், வருடம் என்றால் நிற்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை வருவது? அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ச, வ, ச வாரத்துக்கு மூன்று. அதில் ஒன்றைத் தவறவிட்டால் அது தாளோடு போகிற காரியமா?

அம்மாவிடம் கேட்டேன், எதற்கு ஏழையும் சேர்த்துக் கிழித்தாய் என்று. "ஏழு நாளும் போயிருச்சுல்ல, அப்புறம் என்னத்துக்கு சுவத்துல தொங்கணும்?"

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10க்கு ஆதரவு இன்றோடு முடிகிறது. "என் பழைய கணினியில் ஆப் ஓடுமா?" என்று ஒன்பது மெயில். ஓடும். விண்டோஸ் 7இலேயே ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார், அவருக்காகத்தான் க்யூட் 5.15ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒருவர். அவர் யார் என்றுகூடத் தெரியாது. பிழை அறிக்கையின் கடைசியில் 'நன்றி, மெதுவாகச் செய்யுங்கள்' என்று எழுதுபவர்.

பெரியவரிடம் இன்று ப்ளக் கேட்டேன். "எடுத்துக்கங்க தம்பி, எனக்கு யாரு போன் பண்ணப் போறா" என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

மழை. காளவாசல் சிக்னலில் முக்கால் மணி நேரம். ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு ஆறே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அக்டோபர் 18, சனி

டொரண்டோவில் ஒருவருக்குத் தீபாவளி 19ஆம் தேதி காட்டுகிறது. என் பிழை, நாள்பட்டது. விடுமுறைப் பட்டியலை இந்திய நேரம் நள்ளிரவு 12 மணி என்று சேமித்து வைத்திருக்கிறேன். நமக்கு 20ஆம் தேதி பிறக்கும்போது அங்கே 19ஆம் தேதி மதியம் இரண்டரை. பண்டிகைக்கு மணி எதற்கு? தேதி மட்டும் போதும். தேதி வேறு, நேரம் வேறு. இதைப் படிக்காதவனில்லை. ஆனாலும் டேட்டாபேஸில் ஒரே நெடுவரிசை போட்டால் வேலை சுலபம் என்று போட்டுவிட்டேன்.

அதே மனிதர் இன்னொன்றும் கேட்டார். 2001இல் கொழும்பில் மகள் பிறந்த நேரத்தை இந்திய நேரத்தில் பார்த்தால் அரை மணி பிசகுகிறதாம். இது என் பிழை இல்லை. 1996 மே மாதம் இலங்கை கடிகாரத்தை முன்னே தள்ளியது, அந்த அக்டோபரில் கொஞ்சம் பின்னே இழுத்தது, 2006 ஏப்ரலில்தான் மறுபடி இந்திய நேரத்துக்கு வந்தது. 2001இல் கொழும்பு நம்மைவிட அரை மணி முன்னால். எழுதி அனுப்பினேன். "ஓம், மறந்தே போனேன். ஜாதகக்காரர் அப்பவே இதைக் கேட்டவர்" என்று பதில்.

இன்றைக்கு நல்ல நாள். எடையும் 1.9தான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசத்தில் பாதி கொடுத்தேன். தண்ணீர் கேட்கவில்லை, பார்த்தாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்று மட்டும் ஷிஃப்ட் பதினொன்றரைக்கு. 'இதை மட்டும் மாற்றவா, இனி வரும் எல்லாவற்றையுமா?' என்று என் ஆப்பே என்னைக் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் இரண்டாவதை அழுத்தியிருக்கிறேன். டிசம்பர் வரை எல்லாம் பதினொன்றரை. ஒவ்வொன்றாகச் சரிசெய்யவேண்டியதாயிற்று. அண்டூ இருக்கிறதுதான், ஜன்னலை மூடினால் மறந்துவிடும்படி எழுதிய புண்ணியவானும் நானே.

பெரியவர் ஷிஃப்ட் மாறவில்லை போல. காணவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

ஆப்புக்கு டிஜிட்டல் கையொப்பம் போடும் டோக்கன் வரவில்லை. கையொப்பம் இல்லாமல் இறக்கினால் நிறுவும்போது எச்சரிக்கை வருகிறது, பாதிப் பேர் பயந்து திரும்பிவிடுகிறார்கள். முன்பெல்லாம் சான்றிதழ் ஒரு கோப்பாக வரும். 2023 ஜூனிலிருந்து சாவி ஏதாவது வன்பொருளில்தான் இருக்கவேண்டும் என்று விதி. எனக்கு வரவேண்டியது ஒரு யூஎஸ்பி குச்சி. அது எங்கோ ஒரு சுங்கக் கிடங்கில் பதினாறு நாளாகத் தூங்குகிறது. நாளைக்கு நாலு தடவை டிராக்கிங் பார்க்கிறேன். வேறு எதையெல்லாமோ பார்ப்பதற்குப் பதிலாக.

அக்டோபர் 26, ஞாயிறு

2.4 சோதனைப் பதிப்பைப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் அனுப்பினேன். சிவப்பு போயிற்று. பாக்கி எண்ணும் போயிற்று. நாலு நாளைக்கு மேல் திறக்காமல் இருந்து திறந்தால் தினசரி வேலைகள் எல்லாம் சேர்த்துக் கிழிக்கப்பட்டு 'போன தாள்கள்' என்று ஓர் ஓரத்தில் மடித்து வைக்கப்படும். வேண்டியவர் விரித்துப் பார்க்கலாம். டேட்டாபேஸை மாற்றும் முன் முழு நகல் ஒன்று எடுத்துவைக்கிறது. ஒரு வருடத்தில் நான் எழுதியதில் எனக்குப் பிடித்த வேலை இதுதான்.

அக்டோபர் 28, செவ்வாய்

பதினொரு பேருக்குப் பிடித்திருக்கிறது. எனக்கே பிடித்திருக்கிறது என்பதுதான் சந்தேகமாக இருக்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

பன்னிரண்டாமவர். வண்டிக் கடன் தவணை. அதை மாதாந்திர வேலையாகப் போடாமல், ஐந்தாம் தேதியிலிருந்து 'கட்டும்வரை தினமும் நினைவூட்டு' என்று தினசரியாகப் போட்டு வைத்திருக்கிறார். நியாயமான தந்திரம்தான், மாதாந்திரத்தில் என் நினைவூட்டல் ஒரு தடவைதான் அடிக்கும். வெளியூர் போய்விட்டு ஐந்து நாள் கழித்துத் திறந்திருக்கிறார். ஆப் அழகாகக் கிழித்து மடித்து வைத்துவிட்டது. அன்றைக்கும் ஏதோ ஞாபகத்தில் முடிந்தது என்று தட்டிவிட்டார். தவணை தவறி அபராதம் விழுந்திருக்கிறது. திட்டவில்லை. "உங்கள் யோசனை நல்ல யோசனை. ஆனால் எனக்குச் சிவப்பு வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

எட்டாம் தேதி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மானிட்டரில் சிவப்பு எரிந்ததால்தான் சிஸ்டர் ஓடி வந்தார்.

அக்டோபர் 31, வெள்ளி

வீட்டுக்காரருக்கு நினைவூட்டல் போயிருக்கும். இந்த மாதத்தில் 31 இருக்கிறது.

நவம்பர் 1, சனி

தானாகக் கிழிப்பதை எடுத்துவிட்டேன். இப்போது கேட்கிறது: 'ஐந்து நாள் தாள்கள் இருக்கின்றன. கிழிக்கலாமா?' கிழி என்றால் தினசரி எல்லாம் போகும். ஒன்றிரண்டைத் தொட்டால் அவை மட்டும் நிற்கும். நிற்பவை மஞ்சள். சிவப்பு வேண்டுபவர் ஒவ்வொரு வேலைக்கும் தனியாக வைத்துக்கொள்ளலாம். ச, வ, ச மூன்றுக்கும் நான் வைத்துக்கொண்டேன்.

நாற்காலி காலி. இது நாலாவது தடவை. சிஸ்டரிடம் கேட்கலாம். கேட்கவில்லை. ப்ளக் போட்டு உட்கார்ந்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

டொரண்டோவில் இன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னே இழுக்கிறார்கள். அவரிடமிருந்து மெயில் இல்லை. இல்லாத மெயிலைப் போல ஒரு பாராட்டு உண்டா.

அமாவாசைதோறும் நினைவூட்டு என்று ஒரு விண்ணப்பம். இரண்டு அமாவாசைக்கு நடுவே சராசரி 29.53 நாள். எந்த வார, மாத விதியிலும் அடங்காது, தேதிகளைக் கணக்கிட்டுப் பட்டியலாகத்தான் கொடுக்கவேண்டும். அம்மாவுக்கும் பிடிக்கும். பிறகு.

நவம்பர் 4, செவ்வாய்

2.1. பரவாயில்லை.

மஞ்சள் கொஞ்சம் அடர்த்தி. வெயிலில் உட்கார்ந்து பார்த்தால் ஆரஞ்சு மாதிரித் தெரிகிறது. பெரியவர் துண்டு இதைவிட வெளிறியது.

நவம்பர் 6, வியாழன்

டோக்கன் வந்துவிட்டது. பின் நம்பர் தனிக் கூரியரில் வருமாம்.