பழைய டீசல் கேபினின் எச்சரிக்கைகளை எப்படிப் படிக்கலாம்?

உதவி லோகோ பைலட் பயிற்சிக்குப் போகும் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதுதான்: பழைய டீசல் இன்ஜின் கேபினில் இருக்கும் அலாரங்களை எப்படி மனப்பாடம் செய்வது? மனப்பாடம் வேண்டாம் என்றே சொல்வேன். விளக்குகளின் இடமும் வரிசையும் வண்டிக்கு வண்டி மாறும். பழையவற்றில் பல்பும் மணியும்தான். பின்னாளில் மைக்ரோபிராசசர் பொருத்தியவற்றில் பழுது திரையில் எழுத்தாக வரும்.

அதனால் ஒவ்வொரு எச்சரிக்கையிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். எதை உணர்ந்து வந்தது? கண்ணுக்கும் காதுக்கும் எப்படித் தெரிகிறது? வந்ததும் இன்ஜின் தானாக என்ன செய்கிறது? வாய்மொழித் தேர்வில் துருவிக் கேட்கப்படுவது மூன்றாவதுதான்.

அகலப்பாதையில் ஓடிய பழைய டீசல் இன்ஜினான டபிள்யூ.டி.எம்-2 வண்டியையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் அதிகமாகச் சூடானால் விளக்கு எரியும், மணி அடிக்கும், ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அதை உடனே நிறுத்தவும் கூடாது. லோடை (இழுவைச் சுமையை) எடுத்துவிட்டு, ஓடவிட்டே ஆறவைக்க வேண்டும். மின்கசிவை உணரும் பாதுகாப்பு சுவிட்சான கிரவுண்ட் ரிலே விழுந்தாலும் அதே மணிதான். ஆனால் இங்கே இழுவை போய்விடும், இன்ஜின் ஐடிலுக்கு (சுமையில்லாத குறைந்த வேக ஓட்டத்துக்கு) வரும். லூப் ஆயில் (மசகு எண்ணெய்) அழுத்தம் குறைந்தாலோ இன்ஜினே நின்றுவிடும். ஒரே மணிக்கு மூன்று விளைவு! மணி கேட்டதும் முதலில் பேனலைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

செங்கோட்டை, திருச்செந்தூர் பாதைகள் மீட்டர்கேஜாக இருந்தபோது ஓடிய ஒய்.டி.எம்-4 இதற்குத் தம்பி மாதிரி. இரண்டும் அமெரிக்க ஆல்கோ நிறுவன வடிவமைப்பான 251 இன்ஜின் குடும்பம். ஒய்.டி.எம்-4இல் 6 சிலிண்டர், டபிள்யூ.டி.எம்-2இல் 16. குடும்பம் ஒன்று என்பதால், ஒன்றின் தர்க்கம் புரிந்துவிட்டால் மற்றதும் பாதி புரிந்த மாதிரிதான்.

வீல் ஸ்லிப்பை, அதாவது சக்கரம் வழுக்குவதைப் புரிந்துகொள்ளத் தென்காசிச் சாரலை நினைத்தாலே போதும். தண்டவாளம் நனைந்து சக்கரம் வழுக்கினால், இழுவை மோட்டார்களுக்கு இடையிலான மின் சமநிலை குலையும். அதை ரிலே உணர்ந்து விளக்கையும் பஸ்ஸரையும் இயக்கும். மணல் போடுவது, நாட்ச் (த்ராட்டிலின் படி) குறைப்பது எல்லாம் அதற்கு அப்புறம். மலைப்பாதையில் வேலை பார்த்த ஓட்டுநர் அண்ணாச்சி ஒருவர், பஸ்ஸர் வருவதற்கு முன்பே இன்ஜினின் சத்தமும் ஆம்பியர் முள்ளும் காட்டிக்கொடுத்துவிடும் என்பார். இதை அவரைப் போன்ற ஒருவரின் வாயால் கேட்டால்தான் மனதில் நிற்கும். ஜங்ஷன் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், போய்ப் பேசுங்கள்.

பிரேக் விஷயத்தில் வேறுபாடு பெரியது. வாக்குவம் பிரேக் காலத்தில் வண்டி பிரிந்தாலோ சங்கிலி இழுக்கப்பட்டாலோ வாக்குவம் கேஜின் முள் விழும். அதைக் கவனிப்பது ஓட்டுநரின் கண்தான். ஏர் பிரேக் வந்த பிறகு பிரேக் பைப்பின் 5 கிலோ அழுத்தம் இறங்குவதைக் கேஜ் காட்டும், பைப்புக்குள் போகும் காற்றோட்டத்தைக் காட்டும் ஏர் ஃப்ளோ இண்டிகேட்டரும் நகரும். ஆட்டோ பிளாஷர் பொருத்திய வண்டியில் எதிரே வரும் ரயிலை எச்சரிக்கும் விளக்கும் தானாகவே மின்னத் தொடங்கும்.

ஓட்டுநர் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்கும் விஜிலன்ஸ் கருவி பல வண்டிகளில் பிறகு சேர்த்தது. த்ராட்டில், ஹாரன், பிரேக் எதையும் தொடாமல் 60 விநாடி போனால் விளக்கு, 8 விநாடி கழித்து ஒலி, மேலும் 8 விநாடி கழித்து பிரேக். மொத்தம் 76 விநாடி. 100 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 2 கிலோமீட்டருக்கும் மேல் போயிருக்கும். இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், தேர்வுக்கும் உதவும்.

பிரிட்டிஷ் ரயில்வே பற்றிய புத்தகங்களையும் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்குள்ள பழைய டீசல்களில் முன்னே வரும் சிக்னலைக் கேபினுக்குள் ஒலியால் அறிவிக்கும் ஏ.டபிள்யூ.எஸ். கருவியில் மணி அடித்தால் முன்னே சிக்னல் பச்சை, ஹாரன் ஒலித்தால்தான் கவனம் தேவை. நம் ஆல்கோ கேபினில் மணி என்றால் பழுது. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள்.

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். வெற்றுத் தாளில் பேனலை வரைந்து, ஒவ்வொரு விளக்கின் கீழும் அந்த மூன்று விடைகளை எழுதுங்கள். பிறகு நண்பரை ஒரு விளக்கின் பெயர் சொல்லச் சொல்லி, இன்ஜின் ஓடுமா, இழுக்குமா, நிற்குமா என்று வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள்.