தாராளமா

"பறக்கலாமாண்ணே?" என்று கேட்டான். "தாராளமா" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். செப்டம்பர் கடைசி வாரம், சாயங்காலம். அவனுடைய பாராகிளைடர் விங் மடித்துப் பைக்குள் போகத் தயாராக மேசையில் கிடந்தது. அதைச் சோதித்துச் சரிசெய்து முடித்த நான் செக் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சில நாட்களில், நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன் என்றும் ஞாபகம் வருகிறது. எது உண்மை என்று இப்போது தெரியவில்லை. பார்க்காமல் சொல்லியிருந்தால் அலட்சியம். பார்த்துச் சொல்லியிருந்தால் அதைவிட மோசம்.

அந்தக் கேள்வியில் எழுவாய் இல்லை. "இந்த விங்கில் பறக்கலாமா" என்று கேட்டானா, "நான் இதில் பறக்கலாமா" என்று கேட்டானா? தமிழில் ஆளைச் சொல்லாமலே கேட்டுவிடலாம், ஆளைச் சொல்லாமலே பதிலும் சொல்லிவிடலாம். விங்கைப் பற்றிக் கேட்பதாக நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

விங்கைப் பொறுத்தவரை என் பதிலில் பொய் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய டூ லைனர், அதாவது இரண்டே வரிசை லைன்களில் (கயிறுகளில்) ஆளைத் தாங்குகிற விங். சி வகுப்பு, ஏ, பி வகுப்புகளைவிடக் கையாளக் கடினம். முந்தின ஓனர் 140 மணி நேரம் பறந்தது என்று சொன்னதாகச் சொன்னான். பத்து இருபது கூடத்தான் இருக்கும், விற்கிறவர் கணக்கு அப்படித்தான். துணியில் குறை இல்லை. போரோசிட்டி மீட்டரை வைத்துக் காற்று துணி வழியாகக் கசிய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தேன். அதிகம் தேயும் முன்விளிம்பின் மேல்துணியிலேயே 180 நொடிக்குக் குறையவில்லை. நடு ஏ வரிசையின் கீழ் லைன் ஒன்றைக் கழற்றி அறுபடும்வரை இழுத்துப் பார்த்தேன். தாங்க வேண்டியதற்கு மேலேயே தாங்கியது. அந்த இடத்தில் புது லைன் போட்டேன்.

கோளாறு ட்ரிம்மில்தான், அதாவது லைன் நீளங்களின் பொருத்தத்தில். ஒவ்வொரு லைனையும் ஐந்து கிலோ இழுவையில் பிடித்து லேசரால் அளப்பேன். எழுபதுக்கும் மேல் அளவுகள், ஒரு முழு நாள் வேலை. முன்வரிசை ஏ லைன்கள்தான் பெரும்பாரத்தைத் தாங்குகின்றன. பறக்கப் பறக்க அவை லேசாக நீளும், பாரம் குறைவான பின்வரிசை சுருங்கும். அவனுடைய விங்கில் ஏ வரிசையோடு ஒப்பிட்டால் பி வரிசை சராசரியாக 16 மில்லிமீட்டர் கட்டை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஒன்றரை சென்டிமீட்டரில் விங்கின் மூக்கு தூக்கிக்கொள்ளும், வேகம் குறையும், காற்றின் பிடி விட்டு விழுகிற ஸ்டால் பக்கத்தில் வந்து நிற்கும். கிளப்பும்போது தலைக்கு மேல் வரச் சோம்பல்படும். பைலட், காற்று சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

பைலட்டையும் லைன்களையும் இணைக்கும் பட்டையான ரைசரில் லைன் முடியும் வளையத்தில் கம்பெனியே ஒரு சுற்று கூடுதலாகப் போட்டு அனுப்புவதுண்டு, பின்னால் அவிழ்த்து நீட்டிக்கொள்ள. பி வரிசையில் அந்தச் சுற்றுகளை அவிழ்த்தேன். பிறகும் அடங்காத இடங்களில் ஏ வரிசையில் ஒரு சுற்று ஏற்றினேன். மறுபடி அளந்தபோது எல்லாம் ஐந்தாறு மில்லிமீட்டருக்குள் நின்றது. பத்துக்குள் இருந்தால் போதும். இப்படி மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பார்க்கிற என் வாயில் "தாராளமா" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன். அந்த மேசையில் தாராளமாக இருந்தது ஒன்றுமே இல்லை.

ரிசர்வையும், அதாவது ஆபத்தில் எறிகிற பாராசூட்டையும், அந்தத் தடவையே பிரித்து, ஒரு ராத்திரி தொங்கவிட்டுக் காற்றாடவைத்து, புது ரப்பர் பேண்டு போட்டு மடித்தேன். அதைப் பிரிக்கும் முன், பைலட் உட்காரும் ஹார்னஸை உத்தரக் கொக்கியில் மாட்டி அவனை உட்காரவைத்து, "இழு பாப்போம்" என்றேன். முதல் இழுப்பில் வரவில்லை. மாதக்கணக்கில் திறக்காத வெல்க்ரோ அப்படி ஒட்டிக்கொள்ளும். நான் பிரித்து மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை சர்ரென்று வந்தது. அவன் சிரித்தான். இந்தக் காட்சியில் மட்டும் என்மேல் எனக்குப் புகார் இல்லை.

இனி எனக்குத் தெரிந்திருந்ததைச் சொல்கிறேன்.

மார்ச்சில் நாகர்கோவில் பக்கம் சங்குத்துறை பீச்சில் சாயங்காலக் கடல்காற்றில் அவன் விங்கைத் தூக்கிப் பழகுவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது பழைய பி வகுப்பு விங். அவன் கை எப்போதும் ஒரு நொடி பிந்தியது. விங் முன்னால் பாய்ந்த பிறகு பிரேக்கைப் பிடிப்பான், பிடித்தால் விடமாட்டான். பி வகுப்பு அதைப் பொறுத்துக்கொள்ளும், செல்லம் கொடுக்கிற பாட்டி மாதிரி. அகலம் குறைந்து நீளம் கூடிய இந்த சி வகுப்பு விங்குகள் அப்படி இல்லை. மடங்கினால் நுனி லைனுக்குள் சிக்கும். சிக்காவிட்டாலும் திறந்திருக்கிற பக்கத்தைக் கூடுதலாக இழுத்தால் அந்தப் பக்கம் நின்றுபோய் விங் அப்படியே சுற்றிவிடும். அந்த நேரத்தில் கை செய்ய வேண்டியது குறைவு. அந்தக் குறைவைச் செய்யப் பழகத்தான் வருஷங்கள் வேண்டும்.

இன்னொன்று, எடை. பைலட், விங், ஹார்னஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அவன் 97 கிலோ என்று எழுதியிருந்தான். விங்கின் வரம்பு 95 முதல் 110. வரம்புக்குள்தான், ஆனால் கீழ் விளிம்பில். எடை குறைந்தால் விங்கில் இறுக்கம் குறையும், சீக்கிரம் மடங்கும். எழுதினதைப் படித்தேன், டிக் போட்டேன்.

புனே பக்கம் காம்ஷெட்டில் பறக்கப் படித்தவன், வாகமணில் பறந்தவன், அறுபது மணி நேர அனுபவம். அக்டோபரில் இமாச்சலத்தில் இருக்கிற பீர் என்ற ஊருக்குப் போகிறான். அங்கே பில்லிங்கிலிருந்து கிளம்பி மலைமுகட்டை ஒட்டிப் போகும்போது தெர்மல்கள், மேலெழும் சூட்டுக் காற்று, எப்படி இருக்கும் என்று தெரியும். ஒன்றும் தெரியாத காலத்தில் எனக்கே காட்டிவிட்டது.

அப்புறம் ஏன் சொல்லவில்லை?

நான்கு வருஷத்துக்கு முன் ஒருவரிடம் சொன்னேன். அவரும் இதே மாதிரி மேல்வகுப்பு விங்குக்குத் தாவியவர், என்னைவிட வயதில் மூத்தவர். "சார், இன்னும் ஒரு சீசன் பழசுலயே பறங்களேன்" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். "உங்க வேலை கயிறு அளக்குறது" என்றார். அதோடு வேறு இடத்துக்குப் போய்விட்டார். சரி, போகட்டும். ஆனால் அவர் அந்த விங்கில் மூன்று வருஷம் ஒரு கீறல் இல்லாமல் பறந்தார், இன்னும் பறக்கிறார். அதாவது என் கணிப்பு தப்பு. அல்லது சரியாக இருந்து, அவருக்கு அதிர்ஷ்டம். அல்லது நான் சொன்னதால்தான் கவனமாகப் பறந்தார். எது என்று எப்படி அளப்பது? அதற்கு லேசர் கிடையாது.

எங்கள் குடும்பம் கடற்கரைக் குடும்பம். மாமா வள்ளத்துக்குப் பாய் தைத்தவர். தையல் எனக்கு அங்கிருந்து வந்ததுதான். பாய் தைக்கிறவரிடம் போய்க் கடலுக்குப் போகலாமா என்று யாரும் கேட்பதில்லை, அது அவர் வேலை இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை. ஏனென்றால் மாமாவிடம் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார். மானத்தைப் பார்த்துவிட்டு, ஆளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "இன்னைக்கு போவாண்டாம் மக்களே" என்பார். பாதிப் பேர் கேட்க மாட்டார்கள். அவர் அடுத்த நாளும் சொல்வார். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்த பிறகு எங்கள் பக்கம் "யாரும் சொல்லல" என்பது சாதாரண வாக்கியம் இல்லை. அதைத் தெரிந்த ஊரில் இருந்துகொண்டுதான் நான் வாயை மூடியிருந்தேன்.

இத்தனைக்கும் எல்லோரிடமும் வாயை மூடுகிற ஆள் இல்லை நான். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் பறக்க இடம் இருக்குமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் கத்திவிடுவேன். கணவாயில் மேற்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வருகிற காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. மணிக்கு 38, 40 கிலோமீட்டர் போகிற விங் அதில் பின்னோக்கித்தான் போகும், பின்னால் இறக்கைகள் சுற்றிக்கொண்டிருக்கும். தெரியாதவனிடம் கத்துவது சுலபம். தெரிந்த பையன், காசு சேர்த்து வாங்கிய விங், ரயில் டிக்கெட் போட்டாயிற்று. அவனிடம் சொல்வதுதான் கஷ்டம்.

அக்டோபர் மூன்றாம் வாரம் வாட்ஸப்பில் செய்தி வந்தது. "அண்ணே, நீங்க மடிச்ச ரிசர்வ் ஒரே இழுப்புல தொறந்துட்டு. உயிரக் குடுத்தீங்க."

கூப்பிட்டுப் பேசினேன். வலப்பக்கம் பாதி மடங்கியிருக்கிறது. இடது பிரேக்கை இழுத்திருக்கிறான்.

"எவ்வளவு இழுத்த?"

"தெரியலண்ணே. இடுப்பு வரைக்கும் வந்திருக்கும்."

விங் சுற்றியது, ரைசர் முறுக்கிக்கொண்டது, ரிசர்வை எறிந்தான், பைன் மரத்தில் இறங்கினான். கணுக்கால் எலும்பில் கீறல். பழைய விங்காக இருந்தால் அந்த இழுப்புக்கு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத் திறந்திருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். ட்ரிம்மைச் சரி செய்யாமல் அந்த 16 மில்லிமீட்டரோடு போயிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பதும் உண்மை. இரவில் இந்த இரண்டு வாக்கியங்களையும் மாறி மாறி வைத்துப் பார்க்கிறேன். ஒன்றை ஒன்று தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.

நவம்பரில் அவன் அம்மா வந்தார், ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸோடு. "நீங்க நல்லா பாத்துக் குடுத்ததாலதான்" என்றார். மறுத்தால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். வாங்கிக்கொண்டேன். என் பிள்ளைகள் இரண்டு நாளில் தின்று தீர்த்தார்கள்.

அதற்குப் பிறகு படிவத்தில் இரண்டு கேள்வி சேர்த்தேன்: இதற்கு முன் எந்த வகுப்பில் எத்தனை மணி நேரம், தண்ணீருக்கு மேல் எஸ்ஐவி பயிற்சி (விங்கை வேண்டுமென்றே மடக்கித் திறந்து பழகுவது) எடுத்ததுண்டா. ஒருவர் முறைத்தார். ஒருவர் எழுதியது பொய் என்று எனக்கே தெரியும், அதற்கும் டிக் போட்டேன். கட்டங்களைக் கூட்டினால் நான் சொல்ல வேண்டியதைப் படிவம் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை, கொஞ்சம் கோழைத்தனமும்தான்.

இப்போது அந்த விங் மறுபடி மேசையில். மரத்திலிருந்து ஆட்கள் இழுத்து எடுத்த விங், எந்த லைன் எவ்வளவு இழுபட்டதோ, எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். துணியில் இரண்டு கிழிசல், ஒட்டுப் போட்டாயிற்று. செல்லுக்குள் கையை விட்டால் பைன் ஊசியிலைகள் வருகின்றன, மூன்று மூன்றாகச் சேர்ந்த காய்ந்த பழுப்பு ஊசிகள். நாகர்கோவில் வடசேரியில் என் அறையில் இமயமலை வாசம்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அளவுகளை எழுதிக்கொண்டிருந்தான். கால் சரியாகிவிட்டது, படியேறும்போது மட்டும் லேசாகச் சாய்கிறான்.

"மார்ச்சுல வாகமண் போறேன்ணே" என்றான். இந்தத் தடவை பறக்கலாமா என்று கேட்கவில்லை.

லேசரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருப்பேன் போல.

"என்னண்ணே, ஏதோ சொல்ல வந்தீங்க?"

"இடது பி மூணு" என்றேன். "பதினொண்ணு கூடுதல்."

எழுதிக்கொண்டான்.