கவ் கிராஸும் என் 5 அயர்னும்

முந்தின நாள் சாயங்காலம் கோலாலம்பூரில் கொட்டித் தீர்த்த மழை, ஞாயிறு காலை கோல்ஃப் ஆட்டம், வழக்கம்போல வலது பக்கம் ஓடிப்போன என் டிரைவ், அதாவது முதல் அடி. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் எங்கே நிற்பேன் என்று கூட ஆடுகிறவர்களுக்குத் தெரியும். கணுக்கால் மறையும் கவ் கிராஸில்.

நம் ஊர் மைதானங்கள் பலவற்றில் இந்தப் புல்தான். டிவியில் ஸ்காட்லாந்து மைதானங்களில் காற்றுக்கு ஆடுமே, அந்த மெல்லிய மஞ்சள் புல் இல்லை இது. இலை அகலம், தண்டு தடிப்பு, தரையோடு பின்னிக்கொண்டு கிடக்கும். நனைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஸ்டிக்கை அப்படியே பிடித்து நிறுத்தும்.

குழி இருக்கிற கிரீனுக்கு 160 மீட்டர் என்றதும் 5 அயர்ன் என்கிற இரும்புத் தலை ஸ்டிக்கை உருவி முழுப் பலத்தில் அடிப்பேன். பந்து இருபது மீட்டர் போய், இடது பக்கமாக அதே புல்லில் படுத்துக்கொள்ளும். பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஓங்கி அடிப்பேன். வருஷக்கணக்கில் இதே கதைதான்.

ஒரு நாள் கேடியாக, அதாவது ஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு, வந்தவர் எஸ்டேட்டில் வளர்ந்த பெரியவர். ஒன்றும் பேசாமல் குனிந்து, ஒரு பிடி புல்லை என் அயர்னின் கழுத்தில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இப்ப இழுங்க தம்பி." இழுத்தேன். கழுத்து அங்கேயே நின்றது, முனை மட்டும் முன்னால் சுழன்று, பந்தை அடிக்கிற தட்டைப் பக்கமான முகம் இடது பக்கம் மூடிக்கொண்டது. "பந்து ஏன் அந்தப் பக்கம் போவுதுன்னு தெரியுதா?"

அன்றிலிருந்து முகத்தைக் கொஞ்சம் திறந்து வைக்கிறேன், இடது கையின் கடைசி மூன்று விரல்களும் இறுக்கமாக. பந்து நடுவிலிருந்து சற்று வலது காலை ஒட்டி, உடம்புப் பாரம் இடது காலில். ஸ்டிக்கைச் செங்குத்தாகத் தூக்கிச் செங்குத்தாக இறக்கினால் பந்தைத் தொடுவதற்கு முன் சிக்குகிற புல் குறையும். பந்து அடியில் புதைந்திருந்தால், பந்தை மேலே தூக்கிவிடுகிற வெட்ஜ் ஸ்டிக்தான், பேச்சே இல்லை. பாதியாவது வெளியே தெரிந்தால் ஹைபிரிட் ஸ்டிக்கை எடுக்கலாம், அதன் உருண்ட அடிப்பாகம் புல் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

ஆனால் புல் அரைகுறை உயரம் என்றால் வேறு தலைவலி. முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் மாட்டுவதால் சுழற்சி குறைந்து, பந்து எதிர்பார்த்ததைவிடத் தூரம் பறக்கும், விழுந்த பிறகும் உருளும். 8 அயர்ன் தூரத்துக்கு, வழக்கமாக அதைவிடக் குறைவாகப் போகிற 9 போதும். அப்புறம், புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் அடிக்கிற திசைக்கு எதிராகச் சாய்ந்திருந்தால் வீரம் வேண்டாம்.

பந்துக்குப் பின்னால் புல்லை லேசாக மிதித்துவிடுகிற அண்ணன்மார்களே, மொத்த அடிகளை எண்ணி ஆடுகிற ஸ்ட்ரோக் பிளேயில் அதற்குத் தண்டனையாகக் கணக்கில் 2 அடிகள் கூடும். மழை நாளில் நியாயமான சலுகையே இருக்கிறதே! பந்து விழுந்த வேகத்தில் தானே போட்ட குழியில், மண் மட்டத்துக்குக் கீழே செருகியிருந்தால், 2019 முதல் ரஃப் என்கிற உயரப் புல் பகுதியிலும் தண்டனை இல்லாமல் எடுத்துத் துடைத்து டிராப் செய்யலாம், அதாவது கையிலிருந்து கீழே விடலாம். புல்லுக்குள் மறைந்திருப்பது மட்டும் கணக்கில் வராது.

போன ஞாயிறு அதே 160 மீட்டர். வெட்ஜை எடுத்து, புல் வெட்டிய ஃபேர்வேக்குத் தள்ளினேன், அடுத்த அடியில் கிரீன், அங்கே உருட்டுகிற அடியான பட் இரண்டு, போகி, அதாவது கணக்குக்கு ஓர் அடி கூடுதல். "என்னண்ணே, வயசாயிருச்சா?" என்று சிரித்த நண்பர், பத்தடி தள்ளி அதே புல்லிலிருந்து தூரம் அடிக்கிற 3 வுட் ஸ்டிக்கை வீசினார். பந்தைத் தேடுவதற்கு விதிப்படி இப்போது 3 நிமிஷம்தான். புதருக்குள் ஓர் உடும்பு கிடைத்தது, பந்து கிடைக்கவில்லை.