பிளாக்பெர்ரி ஒயின்: முதல் டெமிஜான்

இங்கிலாந்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் வேலியோரமெல்லாம் பிளாக்பெர்ரி. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் ஒயின் போட அங்கே உரிமம் வேண்டாம், விற்கத்தான் கூடாது.

4.5 லிட்டர் டெமிஜானுக்கு (குறுகிய கழுத்துள்ள பெரிய குடுவை) பழம் 1.8 கிலோ, சர்க்கரை 1 கிலோ. பழத்தை உணவுத்தர பிளாஸ்டிக் வாளியில் மசித்து, 3 லிட்டர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம், பழத்திலுள்ள பெக்டின் என்ற கூழ்ச்சத்து கரைந்து ஒயின் கலங்கும். ஒரு கேம்ப்டன் மாத்திரையை (கிருமிகளை அடக்கும் கந்தக மாத்திரை) பொடித்துப் போட்டு மூடுங்கள். 12 மணி நேரம் கழித்து பெக்டினைச் சிதைக்கும் நொதி 1 தேக்கரண்டி. மாத்திரை போட்டு 24 மணி நேரம் ஆன பிறகே ஒயின் ஈஸ்ட் 5 கிராமும் ஈஸ்டுக்கு உணவாகும் சத்துப்பொடியும். முந்தினால் மாத்திரையின் கந்தகம் ஈஸ்டையும் முடக்கும். ரொட்டி ஈஸ்டும் நுரைக்கும்தான், ஆனால் அடியில் இறுகிப் படியாது.

மேலே மிதக்கும் பழத்தை தினமும் இருமுறை அமுக்கிவிடுங்கள். காய்ந்தால் பூஞ்சணம். ஐந்தாம் நாள் வடிகட்டி டெமிஜானுக்கு மாற்றி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்துங்கள். காற்று புகுந்தால் கிடைப்பது வினிகர்.

அழுகிய முட்டை வாடை வந்தால் பெரும்பாலும் ஈஸ்டுக்குச் சத்துப் போதவில்லை. குமிழி நின்றுவிட்டதே என்று பாட்டிலில் அடைக்காதீர்கள். குளிரிலும் நிற்கும், பிறகு விழித்துக்கொண்டு பாட்டிலை வெடிக்க வைக்கும். ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தி காட்டும் கருவி) சில நாள் இடைவெளியில் இருமுறை பார்த்தும் 0.995 அருகிலேயே அசையாமல் நிற்க வேண்டும். தொடக்கத்தில் 1.090 இருந்திருந்தால் மதுச்சத்து சுமார் 12.5 சதவீதம்.